சம்பள உயர்வும் ஒரு வந்தனக் கடிதமும்

உலகத்தில் எழுதுவதற்குக் கஷ்டமான கடிதங்கள் சில உண்டு. கடன் கேட்டு எழுதும் கடிதம் ஒன்று. கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டு எழுதும் கடிதம் அதைவிடக் கஷ்டமான இன்னொன்று. சம்பந்தி வீட்டாருக்கு எழுதும் கடிதங்களைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். ஆனால், பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு மோட்டுவளையை அதிக நேரம் அண்ணாந்து பார்க்கச் செய்வது, சம்பள உயர்வு பெற்ற ஒருவர் தமது மேலதிகாரிக்கு எழுத வேண்டிய வந்தனக் கடிதந்தான் என்பது நமது அபிப்பிராயம்.

கடன் கேட்பவருக்குத் தாம் நிற்கும் ஸ்தானம் இன்னதென்று தெளிவாகத் தெரியும். சம்பள உயர்வு பெற்றவருக்கோ அது தெரிவதில்லை. கைக்கு வந்திருப்பது தானமா, பரிசா, கூலியா, அல்லது நெடுநாளாய் வரவேண்டியிருந்த பாக்கியா? தானமானால் விழுந்து கும்பிட வேண்டும். பாக்கியானால் ரசீது எழுதிக் கொடுத்தால் போதும். இரண்டும் அல்லாத ஒன்றுக்கு எந்தப் பாஷையில் வந்தனம் சொல்வது?

வருஷந்தோறும் ஏப்ரல் மாதத்தை ஒட்டி நமது நாட்டுக் காரியாலயங்களில் இந்தச் சங்கடம் தோன்றுகிறது. அப்போது உத்தியோகஸ்தர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவதைக் காணலாம். ஒரு கட்சியார் பழத் தட்டும் ரோஜா மாலையுமாக மானேஜரின் அறை வாசலில் காத்துக் கிடப்பார்கள். மற்றக் கட்சியார், "உழைத்தோம், கொடுத்தார்கள், இதற்கு வந்தனம் என்ன வேண்டிக் கிடக்கிறது?" என்று சொல்லிவிட்டு, உயர்வுக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். இரு கட்சியாரும் ஒரே விஷயத்தைத்தான் தவறாகப் புரிந்து கொண்டிருக்கிறார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது.

'கீழ்ப்படிதலுள்ள ஊழியன்'

முதல் கட்சியாரின் வியாதி இன்று நேற்று வந்ததன்று. ஆங்கில ஆட்சிக் காலத்தில் மனு எழுதுவது ஒரு தனிக் கலையாக வளர்ந்தது. கச்சேரி வாசல்களில் மரத்தடியில் உட்கார்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்காக மனு எழுதிக் கொடுத்தே ஜீவனம் செய்தவர்கள் இருந்தார்கள். மனுவின் வாலில், 'தங்கள் மிகவும் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்' என்று கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு மேலே, துரையவர்களின் நீண்ட ஆயுளுக்காக என்றென்றும் பிரார்த்தித்து வருவதாக ஒரு வாக்குறுதியும் இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் தங்களுக்குள் எழுதிக் கொண்ட கடிதங்களிலும் இதே 'கீழ்ப்படிதலுள்ள ஊழியன்' உண்டு. மேலதிகாரி கீழதிகாரிக்கு எழுதும்போதுகூட அப்படித்தான் முடிப்பார். அவர்களுக்கு அது வெறும் சம்பிரதாயம். யாரும் அதை நம்பவில்லை. நமது குமாஸ்தாக்களோ அதை நம்பிவிட்டார்கள்! 1947-ல் துரைகள் கப்பலேறிய பிறகும் அந்த நம்பிக்கை மாத்திரம் கப்பலேறவில்லை. இன்றைக்கும் சம்பள உயர்வுக்கு வந்தனம் எழுதுகிறவர்களில் சிலர், மின்னஞ்சலில் எழுதினாலும், ஏறக்குறைய இவ்வாறு எழுதுகிறார்கள்:

"பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களின் சமூகத்துக்கு: எந்தத் தகுதியும் இல்லாத அடியேனைத் தங்கள் கருணைக் கண்ணால் பார்த்துச் சம்பளத்தை உயர்த்தியருளியதற்கு என் குடும்பமே தங்களுக்கு ஏழேழு ஜன்மத்துக்கும் கடமைப்பட்டிருக்கிறது..."

எந்தத் தகுதியும் இல்லாதவருக்குச் சம்பளத்தை உயர்த்தும் மானேஜர் ஒருவர் இருந்தால், முதலில் வேலையைவிட்டு நீக்கப்பட வேண்டியவர் அவரே அல்லவா? வந்தனம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, எழுதியவர் தம்மையும் தாழ்த்தி, மேலதிகாரியின் புத்தியையும் குறை கூறியவராகிறார்.

ஃபோர்டு துரையின் கணக்கு

சம்பளத்தை உயர்த்துகிறவர்கள் எதற்காக உயர்த்துகிறார்கள்? சரித்திரத்தில் பேர்போன ஓர் உதாரணத்தைப் பார்ப்போம்.

1914-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 5-ந் தேதி, அமெரிக்காவில் மோட்டார் வண்டித் தொழிலில் பிரசித்தி பெற்ற ஹென்றி ஃபோர்டின் கம்பெனி, உலகமே வாயைப் பிளக்கும்படி ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அதுவரை தொழிலாளி ஒருவருக்கு ஒன்பது மணி நேர வேலைக்கு நாளொன்றுக்குச் சுமார் 2.34 டாலர் கூலி. இனிமேல் எட்டு மணி நேர வேலைக்கு 5 டாலர்! மறுநாளே தொழிற்சாலையின் வாசலில் வேலை தேடி வந்த ஜனக்கூட்டம் அலைமோதிற்று. ஃபோர்டைத் தர்மப் பிரபு என்று புகழ்ந்தவர்களும், பித்தர் என்று இகழ்ந்தவர்களும் பலர்.

ஆனால், அவர் தர்மப் பிரபுவும் அல்லர், பித்தரும் அல்லர், கணக்குத் தெரிந்தவர். ஒரே திருகாணியை நாள் முழுவதும் திருகும் புதிய வேலை முறையைச் சகிக்க முடியாமல், வந்தவர்கள் எல்லாரும் சில வாரங்களில் ஓடிக் கொண்டிருந்தார்கள். சுமார் 14,000 பேர் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் அந்த எண்ணிக்கை குறையாமல் வைத்துக்கொள்ள, 1913-ல் மாத்திரம் 52,000 பேருக்கு மேல் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. சேர்ப்பதற்குச் செலவு, பழக்குவதற்குச் செலவு, பழக்கியவன் போய்விட்டால் அத்தனையும் நஷ்டம். கூலி உயர்ந்ததும் இந்த ஓட்டம் வெகுவாகக் குறைந்துவிட்டது. செலவைக் குறைப்பதற்குத் தாம் செய்த காரியங்களிலெல்லாம் சிறந்த ஒன்று இந்தக் கூலி உயர்வே என்று பிற்காலத்தில் ஃபோர்டே எழுதினார்.

இன்னொரு விசேஷத்தையும் கவனிக்க வேண்டும். அந்த ஐந்து டாலரில் ஏறக்குறையப் பாதி, லாபத்தில் பங்கு என்ற பெயரால் தரப்பட்டது. அதைப் பெறுவதற்குத் தொழிலாளி கம்பெனியின் மனம்போல் வாழ வேண்டும். குடிக்கிறாரா, பணம் சேர்க்கிறாரா, வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறாரா என்றெல்லாம் பார்க்கக் கம்பெனியின் ஆட்கள் வீடு தேடி வந்தார்கள். கூலியை உயர்த்தியவர், அதோடு சேர்த்து வீட்டுச் சமையலறை வரைக்கும் வரும் பாத்தியதையையும் வாங்கிக்கொண்டார்!

தூத்துக்குடியும் ஆமதாபாத்தும்

நமது நாட்டில் சம்பள உயர்வின் சரித்திரம் வேறு விதமாகத் தொடங்கிற்று. 1908-ஆம் வருஷம் பிப்ரவரி மாதக் கடைசியில், தூத்துக்குடியில் ஐரோப்பியர் நிர்வாகத்திலிருந்த கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்கு ஊக்கமூட்டி நின்றார்கள். ஒன்பது நாளில் நிர்வாகத்தார் இறங்கி வந்து, கூலியை உயர்த்தவும், வேலை நேரத்தைக் குறைக்கவும், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கொடுக்கவும் சம்மதித்தார்கள். சில நாளைக்கெல்லாம், மார்ச்சு 12-ந் தேதி, சிதம்பரம் பிள்ளையும் சிவாவும் கைது செய்யப்பட்டார்கள். அந்தத் தொழிலாளர்கள் யாருக்கு வந்தனம் சொல்லியிருப்பார்கள் என்று நாம் விவரிக்க வேண்டியதில்லை.

பத்து வருஷத்துக்குப் பிறகு, 1918-ல், ஆமதாபாத் மில் தொழிலாளர்களின் போராட்டம் நடந்தது. விலைவாசி ஏறியிருந்த அக்காலத்தில் தொழிலாளர்கள் நூற்றுக்கு 35 உயர்வு கேட்டார்கள். முதலாளிகள் 20-க்கு மேல் கொடுக்க மறுத்தார்கள். முதலாளிகளில் முக்கியமானவர் அம்பாலால் ஸாராபாய். தொழிலாளர் பக்கத்தில் நின்றவர் அவருடைய சொந்தச் சகோதரி அனசூயா பென்! காந்தியடிகள் உபவாசம் இருந்தார். இருபத்தொரு நாள் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, மத்தியஸ்தர் ஒருவரின் தீர்ப்புக்கு விடுவதென்று சமரசம் ஏற்பட்டது.

அதன் பின் நடந்ததுதான் நமது விஷயத்துக்கு மிகவும் பொருத்தமானது. சமரசத்தைக் கொண்டாடுவதற்கு மிட்டாய் வழங்கியவர்கள் தொழிலாளர்கள் அல்லர், மில் முதலாளிகள்! இதைக் காந்தியடிகள் தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நமது காரியாலயங்களிலோ உயர்வு பெற்றவர் தலையில்தான் இனிப்புச் செலவு விழுகிறது. அனுபவம் மிகுந்த தொழிலாளி ஒருவர் மனத்திருப்தியுடன் வேலைக்குத் திரும்பி வருவதில் முதலாளிக்கும் லாபம் உண்டு, சந்தோஷம் உண்டு என்பதற்கு அந்த மிட்டாய் சாக்ஷி.

அப்படியானால் வந்தனமே வேண்டாமா?

"நீங்களே சொல்லிவிட்டீர்கள், பின் வந்தனம் எதற்கு?" என்று இரண்டாவது கட்சியார் இப்போது நம்மைக் கேட்கக்கூடும். பொறுக்க வேண்டும்.

சில உயர்வுகளுக்கு உண்மையிலேயே யாருக்கும் வந்தனம் சொல்ல வேண்டியதில்லை. சர்க்கார் உத்தியோகத்தில் வருஷாந்தர உயர்வு விதிப்படி வருகிறது. சென்னை ஹைகோர்ட்டிலும் பிறகு பெடரல் கோர்ட்டிலும் நீதிபதியாயிருந்த ஸ்ரீனிவாஸ வரதாச்சாரியாரின் தலைமையில் 1946-ல் நியமிக்கப்பட்ட முதலாவது சம்பளக் கமிஷன், மத்திய சர்க்காரின் கடைநிலை ஊழியருக்கு மாதம் 55 ரூபாய் என்று ஏற்படுத்திற்று. ஏழாவது கமிஷனின் சிபாரிசை ஒட்டி, 2016-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதியிலிருந்து அது 18,000 ரூபாயாயிற்று. இவற்றை எந்த மேலதிகாரியும் தம் இஷ்டப்படி கொடுக்கவுமில்லை, மறுத்திருக்கவும் முடியாது.

ஆனால் தனியார் கம்பெனிகளில் விஷயம் அப்படியன்று. அங்கே பட்டியலில் நூறு பெயர்கள் இருக்கும். ஒதுக்கிய தொகையோ எழுபது பேருக்குத்தான் காணும். மூடிய கதவுக்குள் நடக்கும் அந்த ஆலோசனையில், "இந்தப் பெண்மணி சென்ற வருஷம் இரண்டு பேர் வேலையைத் தனியாகப் பார்த்தார், இவரை விட்டுவிடக்கூடாது" என்று ஒருவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் பேசாமலும் இருந்திருக்கலாம். பணம் கம்பெனியின் பணம்; அது உழைப்புக்கு விலை. பேசிய அந்த ஒரு வார்த்தை மாத்திரம் அந்த மனிதருடையது. வந்தனம் அந்த வார்த்தைக்குத்தான்.

திருவள்ளுவர் செய்ந்நன்றியறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். நன்றியைக் கொன்றவனுக்கு உய்வே இல்லை என்று அதில் கடுமையாகத் தீர்ப்பும் சொன்னார். ஆனால் அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் அவர் எந்த உதவியைப் பேசுகிறார்? முன்னால் நாம் எதுவும் செய்திராதபோது ஒருவர் நமக்குச் செய்யும் உதவியை; வானையும் மண்ணையும் கொடுத்தாலும் ஈடாகாத உதவி அதுதான் என்கிறார். பன்னிரண்டு மாதம் உழைத்த பிறகு கிடைக்கும் சம்பள உயர்வு அந்த இனத்தைச் சேர்ந்ததல்ல. இதை அறியாமல், உயர்வு கொடுத்தவருக்கு ஆயுள் பரியந்தம் அடிமைச் சீட்டு எழுதிக் கொடுப்பது வள்ளுவர் பேச்சைக் கேட்டதாகாது.

தொல்காப்பியர் இன்னும் நுட்பமாகப் பார்த்திருக்கிறார். ஒன்றைக் கேட்டுப் பெறுவதற்கு 'ஈ', 'தா', 'கொடு' என்று மூன்று சொற்கள் தமிழில் உண்டு என்றும், தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் 'ஈ' என்றும், ஒத்தவன் ஒத்தவனிடம் 'தா' என்றும், உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் 'கொடு' என்றும் கேட்பான் என்றும் வகுத்தார். கேட்பதற்கே இத்தனை வகை இருந்தால், பெற்றதற்குச் சொல்லும் வார்த்தைக்கும் வகை இருக்க வேண்டுமல்லவா? சம்பள உயர்வுக்குச் சொல்ல வேண்டிய வந்தனம் 'தா' என்ற சொல்லின் இனத்தைச் சேர்ந்தது. பதவியில் இருவருக்கும் ஏற்றத்தாழ்வு இருக்கலாம். கொடுக்கல் வாங்கலில் இருவரும் ஒத்தவர்கள். ஒருவர் வேலையைத் தந்தார். மற்றவர் மதிப்பைத் தந்தார்.

எழுதுவது எப்படி?

இவ்வளவு தெரிந்து கொண்ட பிறகு, கடிதம் எழுதுவது கஷ்டமில்லை. உயர்வுச் செய்தி கடித மூலம் உறுதியான பிறகு, இரண்டொரு நாளைக்குள் எழுதிவிட வேண்டும். வதந்தியைக் கேட்டு வந்தனம் சொல்லி, பிறகு அசடு வழிகிறவர்கள் உண்டு. நமக்காகப் பேசிய நேர் மேலதிகாரிக்கே முதலில் எழுத வேண்டும். அவரைத் தாண்டிப் பெரிய முதலாளிக்கு எழுதுவது மரியாதையுமன்று, விவேகமுமன்று. ஆறேழு வாக்கியங்களுக்கு மேல் போகக்கூடாது. அதில் ஒரு வாக்கியமாவது, வேறு எவரும் வேறு எவருக்கும் எழுத முடியாததாக இருக்க வேண்டும். இதோ ஒரு மாதிரி:

"அன்புள்ள ஐயா, ஏப்ரல் மாதம் முதல் எனது சம்பளம் உயர்த்தப்பட்டிருக்கும் செய்தி நேற்றுக் கிடைத்தது. இதற்காகத் தாங்கள் எடுத்துப் பேசியதற்கு என் மனமார்ந்த வந்தனம். சென்ற வருஷம் கணக்குகளையெல்லாம் புதிய முறைக்கு மாற்றிய மூன்று மாதங்களில், தாங்கள் தினந்தோறும் மாலையில் அரை மணி நேரம் உடன் உட்கார்ந்து சந்தேகம் தீர்த்ததால்தான் அந்த வேலை முடிந்தது. அதை நான் மறக்கவில்லை. இவ்வருஷம் கிளைக் காரியாலயங்களின் கணக்கையும் அதே முறைக்குக் கொண்டுவர உத்தேசித்திருக்கிறேன். தங்கள் யோசனையை எதிர்பார்க்கிறேன்."

இதில் அடியேன் இல்லை. ஏழேழு ஜன்மம் இல்லை. ஆனால் படிக்கிற மேலதிகாரி இதை எளிதில் மறக்க மாட்டார். மேலதிகாரியும் ஒரு மனிதர். அவரை நோக்கிக் குறை சொல்லும் கடிதங்கள் வருகிற அளவுக்கு, அவர் செய்த நல்ல காரியத்தைக் குறிப்பிட்டுச் சொல்லும் கடிதங்கள் வருவதில்லை. பழத் தட்டும் பட்டுச் சால்வையும் வேண்டியதே இல்லை. மத்திய சர்க்கார் ஊழியர்கள் பரிசு வாங்குவதற்கு 1964-ஆம் வருஷத்து நடத்தை விதிகளிலேயே கட்டுப்பாடு உண்டு. தனியார் கம்பெனியிலும், பட்டுச் சால்வை போர்த்தியவரைப் பார்த்து மற்றவர்கள் என்ன பேசிக்கொள்வார்கள் என்பதை நேயர்கள் அறிவார்கள்.

உயர்வு எதிர்பார்த்ததைவிடக் குறைவாயிருந்தால்? 30,000 ரூபாய் வாங்குகிறவருக்கு நூற்றுக்கு 5 வீதம் உயர்ந்தால் 1,500 ரூபாய். அந்த வருஷம் அரிசி, பருப்பு, வீட்டு வாடகை, பள்ளிக்கூடச் சம்பளம் எல்லாம் அதே வீதத்தில் உயர்ந்திருந்தால், அவர் சென்ற வருஷம் நின்ற இடத்திலேயே நிற்கிறார். இதை எவரும் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் செலவுக் கணக்கு எழுதுகிறவர் பத்தாந் தேதிக்குள் கண்டுபிடித்துவிடுவார். அப்போதும் வந்தனம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மனத்தாங்கலை அந்தக் கடிதத்தில் கலக்கக்கூடாது. வந்தனத்தை ஒரு நாளும், "எனது பொறுப்புகளையும் சம்பளத்தையும் பற்றித் தங்களுடன் பேச அரை மணி நேரம் வேண்டும்" என்ற வேண்டுகோளை வேறொரு நாளும் வைத்துக்கொள்வது நலம். வந்தனம் சொன்ன வாயால் மறுபடி கேட்கக்கூடாது என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. ஒரே வேலைக்கு ஆணைவிடப் பெண்ணுக்குக் குறைத்துக் கொடுக்கக்கூடாது என்று 1976-லேயே நமது பார்லிமெண்டு சட்டம் செய்தது. அத்தகைய வித்தியாசத்தைக் கண்டறிந்த பெண்மணி, சென்ற மாதந்தான் வந்தனம் எழுதினோமே என்று வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அதுபோலவே, "உனக்குச் சம்பளம் உயர்த்தினேனே, ஞாயிற்றுக்கிழமை வரமாட்டாயா?" என்று கேட்கும் மேலதிகாரிகளும் இருக்கிறார்கள். இவர்கள் சிறிய ஃபோர்டுகள். உயர்வு முடிந்துபோன வேலைக்கு மதிப்பு; வரப்போகும் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு அச்சாரம் அன்று. இதைப் புன்னகையோடு சொல்லிவிடலாம்.

நாமும் முதலாளிகளே

இதுவரை சொன்னதையெல்லாம் நேயர்கள் தலையசைத்து ஒப்புக்கொண்டிருப்பார்கள். இப்போது சிறிது இடம் மாறி உட்காருவோம். நம்மில் பலர் பத்து மணியிலிருந்து ஆறு மணி வரைக்குந்தான் ஊழியர்கள். வீட்டுக்கு வந்ததும் முதலாளிகள். பாத்திரம் தேய்க்கும் பெண்மணி, சமையல்காரர், மோட்டார் ஓட்டி, வீதியைக் காக்கும் காவற்காரர் இவர்களெல்லாம் நம்மிடம் சம்பளம் வாங்குகிறவர்கள்.

அவர்களுக்கு ஏப்ரல் மாதம் கிடையாது. உயர்வுக் கடிதம் கிடையாது. மூடிய அறையில் அவர்களுக்காகப் பேசுகிறவர் கிடையாது. கேட்டால்தான் உண்டு. கேட்பதற்கும், வீட்டில் விருந்தாளி இல்லாத நாளாக, எஜமானியின் முகம் மலர்ந்திருக்கும் வேளையாகப் பார்த்து, பின்கட்டு வாசலில் தயங்கி நிற்க வேண்டும். "அம்மா, இந்த மாசத்திலிருந்து ஐந்நூறு ரூபாய் கூடப் போட்டுக் கொடுங்கம்மா" என்றால், என்ன பதில் வருகிறது? "போன தீபாவளிக்குத்தானே புடவை எடுத்துக் கொடுத்தோம்? உன் பையனுக்குப் பள்ளிக்கூடப் புஸ்தகம் வாங்கிக் கொடுத்தது யார்? அதற்குள் மறந்துவிட்டதா?" என்று வருகிறது. புடவை தானம், புஸ்தகம் தானம், அவர் கேட்டதோ கூலி. தானத்தைக் காட்டிக் கூலியை மறுக்கும் வித்தையை நமது மானேஜர் நம்மிடம் செய்தால், அன்று இரவு நமக்குச் சாப்பாடு இறங்குமா?

அவர் வராத இரண்டு நாளில் வீடு என்ன பாடுபடுகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். காலை ஆறு மணிக்கு அவர் வந்து கதவைத் தட்டுவதால்தான், எட்டரை மணிக்கு வீட்டிலிருந்து இரண்டு பேர் உத்தியோகத்துக்குக் கிளம்ப முடிகிறது. நமக்குக் கிடைத்த சம்பள உயர்வில் அவருடைய கைவேலையும் சேர்ந்திருக்கிறது.

ஆகையால் நேயர்களுக்கு ஒரு யோசனை சொல்ல விரும்புகிறோம். சம்பள உயர்வு பெற்ற மாதத்தில், மேலதிகாரிக்கு வந்தனக் கடிதம் எழுதிய கையோடு, வீட்டில் வேலை செய்கிறவரின் சம்பளத்தையும் அவர் கேட்கும் முன்பே உயர்த்திவிடலாம். எவ்வளவு, எந்த மாதத்திலிருந்து, எதற்காக என்று தெளிவாகச் சொல்லலாம். "வருஷம் முழுவதும் நேரந் தவறாமல் வந்தீர்கள், அதற்காக" என்ற ஒரு வாக்கியம் போதும். பிறகு அவர் வந்தனம் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். அவர் சொன்னால், நமது மேலதிகாரி நமது கடிதத்தை எப்படி ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று நாம் விரும்புகிறோமோ, அப்படியே ஏற்றுக்கொள்வோம்.